அலங்காரம் களைந்த தரிசனம்

கோயிலில் நாம் சாமியைப் பார்க்கும் நேரம் மிகக் குறைவு. வரிசையில் நகர்ந்து, அர்த்த மண்டபத்து இருட்டுக்குப் பழகி, கருவறைக்கு நேராக வந்து நிற்கும்போது குருக்கள் கற்பூரத் தட்டை உயர்த்துகிறார். ஒரு முகம் தெரிகிறது. உடனே கண்ணை மூடிக் கைகூப்பிவிடுகிறோம். திறக்கும்போது நகர வேண்டிய நேரம் வந்துவிடுகிறது. உற்சவ மூர்த்தியாக இருந்தால் பட்டுக்கும் மாலைக்கும் நகைக்கும் நடுவே முகமும் அபயக் கையும் பாத நுனியும் கிடைக்கும். இடையின் வளைவும் முதுகின் சரிவும் பிடரியில் விழும் சடையும் துணிக்குள்ளேயே இருக்கின்றன. அவற்றை வடித்த ஸ்தபதி பார்த்தார். அபிஷேகம் செய்கிறவர் பார்க்கிறார். நமக்கு அது வாய்ப்பதில்லை.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. நாம் அவனைப் பார்ப்பதைவிட அவன் நம்மைப் பார்ப்பதுதான் பெரிது என்ற நம்பிக்கையில்தானே கோயிலுக்குப் போகிறோம். மணியோசை, நாகசுரம், விபூதி வாசனை, பக்கத்தில் நிற்பவரின் முணுமுணுப்பு எல்லாம் சேர்ந்து மனத்தை உள்ளே அழைத்துப்போய் நிறுத்திவிடுகின்றன. நம் பங்குக்கு நாம் செய்யவேண்டியது அதிகமில்லை.

அந்தத் துணை எதுவும் இல்லாத ஓர் இடத்தில் அதே திருமேனி நின்றால்? விளக்கு இல்லை, மந்திரம் இல்லை, பூ இல்லை, பிரசாதம் இல்லை. நிற்பவன் அவன், எதிரே நிற்பவர் நாம், அவ்வளவுதான். தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்துக்குள் போகும்போதெல்லாம் இந்தக் கேள்வியோடுதான் போகிறேன்.

அரண்மனை, ஊரின் இரைச்சலுக்கு நடுவில் இருக்கிறது. நாயக்கர்கள் 16-ஆம் நூற்றாண்டில் எழுப்பத் தொடங்கியது. 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆட்சிக்கு வந்த மராட்டியர்கள் தங்கள் காலத்தில் மேலும் கட்டிச் சேர்த்தார்கள். 1855-இல் கடைசி மராட்டிய மன்னர் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தபோது கும்பினி ஆட்சி அந்த அரச வரிசையை முடித்துவைத்தது. அதன்பின் தர்பாருக்கு வேலை இல்லை. 1951-இல் இந்தக் கட்டடங்களுக்குள் கலைக்கூடம் பிறந்தது. சோழநாட்டு ஊர்களில் வயலோரத்திலும் குளக்கரையிலும் பாழடைந்த மண்டபங்களிலும் கிடந்த கற்சிலைகளும், மண்ணுக்கடியிலிருந்து வெளிப்பட்ட செப்புத் திருமேனிகளும் இங்கே வந்து சேர்ந்தன. அரசர்கள் காலிசெய்த வீட்டுக்குத் தெய்வங்கள் குடிவந்தன என்று சொல்லலாம்.

முற்றத்தில் நின்று அண்ணாந்தால் கூடகோபுரம் தெரியும். அடுக்கடுக்காகக் குறுகிக்கொண்டே உயர்ந்து போகிற அதைத் தூரத்திலிருந்து பார்ப்பவர் கோயில் விமானம் என்றே எண்ணுவார். கிட்டே போனால் அடுக்குகளில் வளைவுச் சாளரங்கள். உள்ளே கருவறை கிடையாது. ஆயுதங்கள் வைத்திருந்த கோபுரம் என்பார்கள். கோயிலின் உருவத்தைக் கடன் வாங்கி அதிகாரத்துக்கு உடுத்திய கட்டடம் அது. அதன் நிழலில் இன்று கைலாசநாதனும் உமையும் நிற்கிறார்கள்.

வெயிலில் வெளுத்த முற்றத்திலிருந்து மண்டபத்துக்குள் கால் வைத்ததும் கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியாது. சுண்ணாம்புச் சாந்து பூசிய சுவர்கள் அவ்வளவு தடிமன். வளைவுகளும் பருத்த தூண்களும் வெளிச்சத்தை வடிகட்டித்தான் உள்ளே விடுகின்றன. கண் பழகும்வரை நிற்கத்தான் வேண்டும். அந்தக் காத்திருப்பை நான் மிகவும் மதிக்கிறேன். ராஜகோபுரத்திலிருந்து கருவறை நோக்கிப் போகப்போக வெளிச்சம் குறைந்து, ஓசை குறைந்து, மனம் ஒடுங்கும்படி நம் கோயில்களைக் கட்டினார்கள். அரண்மனையைக் கட்டியவர்கள் அதை நினைத்துக் கட்டியிருக்க மாட்டார்கள். வெப்பத்துக்கு அஞ்சித்தான் சுவரைத் தடித்திருப்பார்கள். ஆனாலும் பலன் ஒன்றாகவே இருக்கிறது. கலைக்கூடத்தின் ஒரு பகுதிக்குப் பூஜை மகால் என்றே பெயர்.

தாராசுரத்திலிருந்து வந்த கற்சிற்பங்களை முதலில் பார்த்துவிடலாம். கஜசம்ஹாரர் நிற்கும் இடத்தில் எல்லோரும் ஒரு கணம் நின்றுவிடுகிறார்கள். யானையின் தோலை உரித்து விரித்தபடி முறுக்கிச் சுழல்கிற உடல். ஓரத்தில் குழந்தை முருகனை அணைத்தபடி அஞ்சி ஒதுங்குகிற உமை. பிரபஞ்சத்தையே ஆட்டிவைக்கும் வேகத்துக்குப் பக்கத்தில், பிள்ளையைக் காப்பாற்றப் பார்க்கும் ஒரு தாயின் அச்சத்தையும் அதே கல்லில் வைக்கத் தோன்றியிருக்கிறதே, அந்தச் சிற்பியின் மனம் பெரியது. தாராசுரத்துப் பிச்சாடனரும் இங்கேதான் இருக்கிறார். ஓட்டை ஏந்தி வருகிற திகம்பரனும், அவனைக் கண்டு மெய்மறக்கும் தாருகவனத்து ரிஷிபத்தினிகளும். ஒரு துண்டுத் துணிகூட இல்லாத பிச்சைக்காரன், பட்டாடைக்காரர்களின் மாளிகைக்குள் நிற்கிறான். மாளிகைக்காரர்கள் போய்விட்டார்கள்.

ஆனால் என் கால்கள் செப்புத் திருமேனிகளிடம்தான் போய் நிற்கும். அவற்றிலும் ஒருவரிடம்.

அவர் ரிஷபவாகன தேவர். சீர்காழிக்கு அருகே உள்ள திருவெண்காட்டில் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்தவர். 1011-ஆம் ஆண்டு, ராஜராஜ சோழனின் ஆட்சிக்காலத்தில் உருவானவர் என்பது அந்த ஊர்க் கோயிலின் கல்வெட்டால் தெரிகிறது. அவருடைய தேவியின் திருமேனி அடுத்த ஆண்டு வந்தது. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உச்சிக்கு ராஜராஜன் பொன் வேய்ந்த செப்புக் கலசத்தைக் கொடுத்தது 1010-இல். மலைபோன்ற அந்த விமானம் நிறைவடைந்ததற்கு மறு ஆண்டு, ஏறத்தாழ மூன்றரை அடி உயரத்தில் இந்த உருவம். சோழர்களின் உள்ளம் எதில் நிறைந்திருந்தது என்று கேட்டால் விமானத்தைக் காட்டுவோர் உண்டு. நான் இவரைக் காட்டுவேன்.

எப்படி நிற்கிறார் என்று சொல்கிறேன். ஒரு கால் ஊன்றியிருக்கிறது. மற்றொரு கால் அதன் குறுக்கே வந்து நிற்கிறது. வேலை முடித்து வரப்பில் சற்றே இளைப்பாறும் உழவன் இப்படி நிற்பான். இடுப்பில் சிறிய ஆடை. கிரீடம் இல்லை, சடையையே தலைப்பாகையாகச் சுற்றியிருக்கிறார், அந்தச் சுற்றுகளில் பாம்புகள் பின்னிக் கிடக்கின்றன. கைகள் இரண்டே. மானும் மழுவும் ஏந்தும் மேற்கைகள் இவருக்குக் கிடையாது. அதனால்தானோ என்னவோ, மனிதருக்கு இவ்வளவு கிட்டத்தில் வந்து நின்ற சிவன் வேறு இல்லை என்று தோன்றும். முகத்தில் புன்னகை என்று உறுதியாகச் சொல்ல முடியாது. புன்னகை வந்து போன பிறகு சிறிது நேரம் தங்குமே ஒரு தெளிவு, அது இருக்கிறது.

ஒரு கை முழங்கையில் மடங்கி முன்னே வந்திருக்கிறது. பக்கத்தில் நின்ற காளையின்மேல் ஓய்வாகச் சாய்த்து வைத்த கை. காளையைத் தனியாக வார்த்திருந்தார்கள். காளை இப்போது இல்லை.

முதல் முறை பார்ப்பவர்கள் முகத்தையும் சடையையும் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். நின்று பார்த்தால்தான் அந்தக் கை வெறும் காற்றின்மேல் இருப்பது உறைக்கும். உடம்பின் பாரம் அந்தப் பக்கமாகச் சற்றே சரிகிறது. தாங்குவதற்கு எதுவும் இல்லை. நியாயமாகப் பார்த்தால் தடுமாறுவதுபோல் தோன்ற வேண்டும். தோன்றவில்லை. விரல்கள் இறுகவும் இல்லை, தொங்கவும் இல்லை. காளை நின்றபோது எவ்வளவு இலேசாக இருந்தனவோ அவ்வளவு இலேசாகவே இருக்கின்றன.

என் அம்மா காலமான ஆண்டில் இந்தக் கையின் முன்னால் நெடுநேரம் நின்றிருக்கிறேன். நாம் எல்லோரும் ஏதோ ஒன்றின்மேல் சாய்ந்துதான் நிற்கிறோம். அம்மா, கணவர், மனைவி, பார்க்கிற வேலை, பழகிய வீடு, இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் கால்கள். ஒருநாள் அதில் ஒன்று சத்தமில்லாமல் விலகிவிடுகிறது. சாய்ந்த உடம்பு அதே சாய்மானத்தில் இருக்க, கை மட்டும் அந்த இடத்தைத் தேடுகிறது. அப்போது கை என்ன செய்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. காற்றை இறுகப் பிடிக்கப் பார்க்கலாம். சோர்ந்து விழுந்துவிடலாம். இந்தத் திருவெண்காட்டுக் கையோ, இருந்த அன்பை இருந்த அளவிலேயே வைத்துக்கொண்டு நிற்கிறது. காளை இருந்த நாளிலேயே அது காளையைப் பிடித்துக்கொள்ளவில்லையே, தொட்டுக்கொண்டுதானே இருந்தது! பிடிக்காமல் தொட்ட கைக்கு இழப்பு வேறுவிதமாகத்தான் இருக்கும் என்று அங்கே நின்றபோது எனக்குப் பட்டது. அது ஆறுதலா, பாடமா என்றெல்லாம் பிரித்துப் பார்க்கவில்லை. கண்ணீர் வந்தது. மறைக்கத் தோன்றவில்லை.

இந்தத் திருமேனிகள் பிறக்கும் முறையை அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்காது. சுவாமிமலையில் இன்றும் அதே மரபில் வார்க்கிறார்கள். தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சி, முதலில் மெழுகில் முழு உருவத்தையும் செய்வார்கள். தென்னை ஓலை நறுக்கைத் தாள அளவுக்கு மடித்து வைத்துக்கொண்டு முகத்தின் நீளம், மார்பின் அகலம், விரலின் கணு என்று ஒவ்வொன்றும் சரிபார்ப்பார்கள். பிறகு காவிரியின் வண்டல் மண்ணை மாவாகக் குழைத்து மெழுகின்மேல் மெல்லிய பூச்சு. அது காய்ந்ததும் அடுத்தது, பிறகு இன்னும் கனமானது. கம்பி கட்டி இறுக்கி, நெருப்பில் வைத்துச் சூடேற்றும்போது உள்ளே இருந்த மெழுகு உருகி வெளியே ஓடிவிடும். அத்தனை நாள் பாடுபட்டுச் செய்த முகம், கண், புன்னகை எல்லாம் போய்விடும். மண்ணுக்குள் மிஞ்சுவது அந்த உருவத்தின் அளவில் ஒரு வெற்றிடம். அதற்குள்தான் கொதிக்கும் உலோகம் இறங்குகிறது. ஆறியபின் மண்ணை உடைத்தே எடுக்க வேண்டும். அந்த அச்சில் இன்னொன்று கிடையாது.

ஆக, எதிரே நிற்கிற இந்தச் செம்பு, ஒரு முறை முழுதாக இழக்கப்பட்ட ஓர் உருவத்தின் வெறுமைக்குள் புகுந்து வந்தது. சித்தாந்தம் படித்தவர்கள் அருவம், உருவம், அருவுருவம் என்று விளக்குவார்கள். உலைக்களத்தில் நிற்கும் ஸ்தபதி அதைக் கையால் செய்து பார்த்துவிடுகிறார்.

இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். செப்புத் திருமேனிகள் பலவற்றில் பின்தலையில் சிரச்சக்கரம் என்ற வட்டம் இருக்கும். இதழ் இதழாக விரிந்த மலர்போல், சில சமயம் ஆரங்கள் உள்ள சக்கரம்போல் வேலைப்பாடு. அதன் கீழே சடைச்சுருள்கள் முறையாகப் பிரிந்து தோளில் விழும். உற்சவருக்குப் பட்டு சாத்தி மாலை போட்டால் இது அத்தனையும் மறைந்துவிடும். வீதியில் எழுந்தருளும்போது முன்னால் நிற்கும் யாருக்கும் தெரியாது. வடித்தவருக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்தும் முகத்துக்குக் கொடுத்த கவனத்தைப் பிடரிக்கும் கொடுத்திருக்கிறார். யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்த இடத்தில் செய்த வேலையைப் பூசை என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது? கலைக்கூடத்தில் வாய்ப்புக் கிடைக்கிற இடங்களில் பக்கவாட்டில் நகர்ந்து பாருங்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு மனிதரின் வழிபாடு அங்கே அப்படியே இருக்கிறது.

நம் செப்புத் திருமேனிகளுக்கு இரண்டு விதமான வாழ்க்கை அமைந்திருக்கிறது. சில இடைவிடாமல் பூசையில் இருந்தவை. நூற்றாண்டுக்கணக்கில் பாலும் தயிரும் சந்தனமும் எண்ணெயும் பட்டு, துடைத்த கைகளின் தேய்மானத்தில் மூக்கும் இமையும் உதடும் மழுங்கிப் போயிருக்கும். வேறு சில, 14-ஆம் நூற்றாண்டுப் படையெடுப்புகளின் காலத்திலும் பிற கலவரங்களிலும் ஊர்க்காரர்கள் மண்ணைத் தோண்டிப் பத்திரமாகப் படுக்கவைத்தவை. மீட்டெடுக்க யாரும் திரும்பி வராமலே போயிருக்கும். அவை இருட்டில் கிடந்த காலமெல்லாம் யாரும் தொடவில்லை. அதனால் நகக்கண்ணும் ஆடையின் கொசுவமும் நேற்றுச் செதுக்கியவைபோல் இருக்கின்றன. எது பேறு பெற்றது? தேய்ந்த முகத்தில் எத்தனை தலைமுறைக் கைகளின் அன்பு இருக்கிறது. தேயாத முகத்தில் எத்தனை நூற்றாண்டு மௌனம் இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கும்போது, வழிபாட்டுக்கும் தனிமைக்கும் இடையே ஒன்றை உயர்த்தி ஒன்றைத் தாழ்த்தத் தோன்றவில்லை.

பெரிய கோயில் கல்வெட்டுகளை நினைத்தால் மனம் வேறொரு வகையில் கனக்கும். ராஜராஜனும் அவன் குடும்பத்தாரும் அதிகாரிகளும் கொடுத்த அறுபதுக்கும் மேற்பட்ட திருமேனிகளை, உயரம் எத்தனை முழம் எத்தனை விரல், கைகள் எத்தனை, என்னென்ன நகை என்று அந்தக் கல்வெட்டுகள் சொல்லிக்கொண்டே போகின்றன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை இன்று கிடையாது. அங்கே சொல் இருக்கிறது, திருமேனி இல்லை. அரண்மனையில் திருமேனி இருக்கிறது, காளை இல்லை. நடந்து கடக்கிற தூரத்தில் இரண்டு விதமான இல்லாமைகள்.

திருவெண்காட்டிலிருந்து வந்த இன்னொரு கூட்டமும் இங்கே உண்டு. கல்யாணசுந்தரர். சிவன் உமையின் கையைப் பற்றுகிறார். உமை தலையைச் சற்றே தாழ்த்தியிருக்கிறாள். பின்னால் இலக்குமி நின்று அவளை மெல்ல முன்னே அனுப்புகிறாள்; திருமால் தாரைவார்க்க நிற்கிறார். கல்யாண வீட்டில் பெண்ணைப் பெற்றவர்களுக்குத் தெரியும் இந்தக் கணத்தின் கனம். நாயகன் நாயகி இருவரைவிட எனக்கு அந்த இலக்குமியைத்தான் பிடிக்கும். தள்ளுவதும் தாங்குவதும் ஒன்றாக இருக்கிற நிற்பு அது.

ஒருநாள் அவர்கள் முன்னால் ஒரு பாட்டியும் பேரனும் நின்றிருந்தார்கள். வெளியூரிலிருந்து கோயில் பார்க்க வந்தவர்கள். பாட்டி வாசலிலேயே செருப்பை விட்டுவிட்டு வந்திருந்தார். யாரும் விடச் சொல்லவில்லை. பையன் எட்டு வயதுக்குள் இருப்பான்.

"அம்மாயி, இந்த சாமிக்கு ஏன் மாலை போடல?"

"இங்க போட மாட்டாங்க, கண்ணு."

"பூசை?"

"பூசையும் கெடையாது."

"அப்ப சாமிக்குப் பசிக்காதா?"

பாட்டி உடனே பதில் சொல்லவில்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அந்த முகங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "வந்து பார்க்கிறோமுல்ல, அதான் சோறு" என்றார். பையனுக்கு அது போதுமானதாக இருந்தது. அடுத்த சிலைக்கு ஓடிவிட்டான். பாட்டி மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்தார். இத்தனை ஆண்டுகளாக என்னுள் இருந்த கேள்விக்கு இவ்வளவு நேரான பதிலை நான் எந்த நூலிலும் கண்டதில்லை.

சாமியை அருங்காட்சியகத்தில் வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுடைய வருத்தம் உண்மையானது; அதை நான் மதிக்கிறேன். பூசை நடக்கிற, காவல் உள்ள கோயிலின் மூர்த்தி அந்தக் கோயிலுக்குத்தான் உரியவர். ஸ்ரீபுரந்தானிலிருந்து திருடப்பட்ட நடராஜர் கடல்கடந்து ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடத்தில் நின்றுவிட்டு 2014-இல் திரும்பி வந்தபோது, சொந்த உறவு ஊர் திரும்பியதுபோல் மகிழ்ந்தவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் பின்னமான மூர்த்தியைப் பூசையில் வைக்க ஆகமம் இடம் தருவதில்லை. விரல் உடைந்தவர், துணையைப் பிரிந்தவர், ஊரே இடிந்துபோனவர் எல்லாம் எங்கே போவார்கள்? அவர்களுக்கு ஒரு கூரையும், எதிரே வந்து நிற்க நாலு பேரும் வேண்டும். திருட்டுக்கு அஞ்சி இன்று பல ஊர் உற்சவர்கள் பாதுகாப்பு மையங்களில், பூட்டிய கதவுகளுக்குப் பின்னால் இருக்கிறார்கள். அது காலத்தின் கட்டாயம் என்பது புரிகிறது. இருந்தும், பூசையும் இல்லாமல் பார்வையும் இல்லாமல் இருப்பதைவிட, பாட்டியும் பேரனும் வந்து நிற்கிற இந்த மண்டபம் எவ்வளவோ மேல் என்பதே என் எண்ணம்.

நாயக்கர் தர்பார் மண்டபத்தில் இரண்டாம் சரபோஜியின் சிலை இருக்கிறது. லண்டனில் இருந்த ஜான் ஃபிளாக்ஸ்மன் என்ற புகழ்பெற்ற சிற்பி வெள்ளைச் சலவைக்கல்லில் செய்தது. 1798-இல் அரியணை ஏறிய சரபோஜி, மறு ஆண்டே உடன்படிக்கையில் நாட்டின் ஆட்சியைக் கும்பினியிடம் விட்டுக்கொடுத்தார். கோட்டையும் அதைச் சுற்றிய சிறு பகுதியும் பெயரளவு அரசும் மிஞ்சின. அந்த மிச்சத்தில் அவர் செய்தது, சரசுவதி மகால் நூலகத்தைச் சுவடிகளாலும் நூல்களாலும் நிரப்பியது. சிலையில் அவர் வாள் பிடித்திருக்கவில்லை. கூம்புத் தொப்பியோடு கைகூப்பி நிற்கிறார். யாரை நோக்கிக் கைகூப்புகிறார் என்று சிற்பி நினைத்தாரோ, இன்று அவரைச் சுற்றிச் சோழநாட்டுத் தெய்வங்கள். நாடு போன பிறகும் கூப்பிய கை மீந்த ஓர் அரசனை, அவன் மண்டபத்திலேயே இப்படிப் பார்ப்பது எனக்கு நிறைவாக இருக்கும்.

வெளியே வரும்போது முற்றத்து வெயில் கண்ணைக் கூசவைக்கும். பக்கத்திலேயே சரசுவதி மகால், மராட்டா தர்பார், மணிகோபுரம் என்று பார்க்க நிறைய இருக்கிறது. ஒரே மூச்சில் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று வருகிறவர்கள்தான் அதிகம். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். எவ்வளவோ தூரத்திலிருந்து வருகிறார்கள், பேருந்து காத்திருக்கும். ஆனால் உங்களுக்கு ஒரு காலைப் பொழுது கையில் இருக்குமானால் ஒன்று சொல்வேன். வாரநாளில் கூட்டம் வருமுன் போங்கள். கைபேசியைப் பைக்குள் வையுங்கள். எல்லாத் திருமேனிகளையும் பார்க்க வேண்டாம். ஒன்றைத் தேர்ந்துகொண்டு, பெயர்ப்பலகையைக் கடைசியாகப் படியுங்கள். முதலில் பாதத்தைப் பாருங்கள், அது தரையில் எப்படி ஊன்றியிருக்கிறது என்று. அங்கிருந்து மெல்ல மேலே வாருங்கள். முழங்கால், இடை, தோள், கை. முகத்துக்கு வந்து சேர அவசரப்பட வேண்டாம். பாராயணத்துக்கு ஒதுக்குகிற நேரத்தை இதற்கும் ஒதுக்கினால் போதும். மனத்தில் ஏதாவது பிரார்த்தனை எழுந்தால் எழட்டும், எழாவிட்டாலும் பாதகமில்லை.

முடிந்தால் திருவெண்காட்டுக்கும் ஒருமுறை போய்வாருங்கள். மயிலாடுதுறை மாவட்டத்தில், சீர்காழியிலிருந்து பூம்புகார் போகிற பக்கம். சுவேதாரண்யேசுவரர் கோயிலில் அக்கினி, சூரிய, சந்திர தீர்த்தங்கள் என்று மூன்று குளங்கள் இருக்கின்றன. அகோரமூர்த்திக்குத் தனிச் சந்நிதி உண்டு. பூசை இன்றும் நடக்கிறது. தஞ்சையில் நீங்கள் பார்த்தவர் புறப்பட்டுவந்த வீடு அதுதான்.